சுண்ணாம்பு வாளியோடு உள்ளே

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் சேப்பல்காரன்; பழைய தேவாலயத்தை விட்டுப் பிரிந்துபோன சபையைச் சேர்ந்தவன். விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு வரவில்லை என்று தேவாலயத்து ஆட்கள் என் கொள்ளுத்தாத்தாவின் மாட்டை ஓட்டிக்கொண்டு போனார்கள். அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் யாரும் அந்தப் படி மிதித்ததில்லை. என் மனைவி மெரெரிட் தேவாலயத்துப் பெண். கல்யாணம் ஆனதும் அவள்தான் சேப்பலுக்கு மாறினாள். நானா மாறுவேன்?

ஆனாலும் உள்ளதைச் சொல்ல வேண்டும். எங்கள் ஊர் லான்கெய்ரன் தேவாலயம் சாமானியப்பட்டதல்ல. எண்ணூறு வருஷமாக வேல்ஸ் மழையை வாங்கிக்கொண்டு நிற்கிறது. எவனோ படையெடுத்து வந்து கூரையைக் கொளுத்தினான். ஊர் திரும்பவும் வேய்ந்தது. இந்தச் சுவரை எழுப்பிய மகராசன் யாரோ என்று வாசலுக்கு வெளியே நின்றே வியந்திருக்கிறேன்.

அதைத்தான் மூடப்போவதாகச் சொன்னார்கள். ஞாயிறு ஆராதனைக்கு ஐந்தாறு பேர்கூடத் தேறுவதில்லையாம். பார்த்து முடிவுசெய்யப் பேராயர் அனுப்பிய பாதிரியார் ப்ரைஸ் ஐயர் வந்தது, குருத்தோலை ஞாயிற்றுக்கு முந்தின நாள்.

வருஷாவருஷம் அன்றைக்கு ஊரே தேவாலயத்துக் கல்லறைத் தோட்டத்தில்தான் இருக்கும். கல்லறைகளைக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, பூ வைப்போம். சேப்பலுக்குக் கல்லறைத் தோட்டம் கிடையாது. அதனால் இரண்டு பக்கத்து ஜனமும் அங்கேதான். மெரெரிட்டின் கல்லறைக்கு நான் பாதிதான் அடித்திருந்தேன், மழை கொட்டிவிட்டது. எல்லோரும் வாளியும் நாயுமாகத் தேவாலயத்துக்குள் ஓடினார்கள். நான் மட்டும் மரத்தடியில் நனைந்தேன்.

மெரெரிட்டின் அக்கா டெக்வென்தான் அங்கே நிர்வாகி. வாசலில் நின்று கத்தினாள்.

“என்னய்யா இட்வால், உன் கொள்ளுத்தாத்தா எந்திரிச்சு வந்து அடிக்கப் போறாரா? உள்ள வாய்யா!”

போனேன். போன உடனே என் நாய் பக்கத்துப் பண்ணை நாயின் கழுத்தைக் கவ்வியது. டெக்வென் சுவரில் தொங்கிய நீண்ட மர இடுக்கியை எடுத்து நீட்டினாள். அந்தக் காலத்தில் ஆராதனை நடுவே சண்டை போடும் நாய்களைப் பிடித்து இழுக்க வைத்திருந்தது.

“பிடி. உன் மாதிரி ஆளுங்களுக்காகத்தான் மாட்டி வச்சிருக்கு.”

இடுக்கியால் என் நாயைப் பிடித்து இழுத்துப்போய் வெளியே கட்டிவிட்டு வந்தேன். கூட்டம் சிரித்தது, ப்ரைஸ் ஐயரும் சிரித்தார். பிறகு சுற்றிப் பார்த்துக் கேட்டார்.

“இவ்வளவு பேர் இருக்கீங்களே! இதுல தேவாலயத்து ஆளுங்க எத்தனை பேரும்மா?”

டெக்வெனுக்குப் பொய் வராது. முகம் வெளுத்துவிட்டது. எனக்குப் பொறுக்கவில்லை.

“நான் சேப்பல்காரன் ஐயா. உயிரோட இருக்கிற வரைக்கும் அங்கதான். ஆனா செத்தா இங்கதான் வருவேன், என் பொண்டாட்டி பக்கத்துல எடம் இருக்கு. இதை மூடிட்டா எங்களை எங்க போடுவீங்க? ஏய், இங்க படுக்கப் போறவங்கல்லாம் கையைத் தூக்குங்கப்பா!”

சுண்ணாம்பு அப்பிய கைகள் அத்தனையும் உயர்ந்தன. ப்ரைஸ் ஐயர் ஒவ்வொரு கையாக எண்ணிப் பார்த்தார்.

“மூடச் சொல்லி நான் எழுத மாட்டேன்” என்றார் கடைசியில்.

டெக்வென் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பிடித்தாள்.

“செத்தப்புறம் வர்றது இருக்கட்டும். அந்த மூணாவது பெஞ்சு ஓரம் பாத்தியா? சின்னப்புள்ளையில மெரெரிட் உக்காந்த எடம். இத்தனை வருஷம் காலியாத்தான் கெடக்கு.”

மெரெரிட் ஒரு தடவைகூட என்னை வரச்சொல்லிக் கேட்டதில்லை.

மறுநாள் காலை நாயை வீட்டில் கட்டிப்போட்டுவிட்டு, அந்த இடத்தில் போய் உட்கார்ந்தேன்.