வால்வின் மேல் தூசி

2025 மே 14, புதன்கிழமை, காலை பத்து மணி நாற்பது நிமிடம். விழுப்புரத்தில் கத்திரி வெயில். மேகம் என்று சொல்லத்தக்கது எதுவும் வானத்தில் இல்லை. கார் சர்வீஸ் நிலையத்தின் கண்ணாடி அறையில் ஹஸீனா ஒரு காகித உறையை மேசைமேல் வைத்தாள்.

திண்டிவனத்திலிருந்து நான்கு செவிலியர்களைத் தினமும் விழுப்புரம் மருத்துவமனைக்கு ஏற்றிவரும் அவளுடைய வாடகைக் கார், திங்களன்று விக்கிரவாண்டி அருகே எஞ்சின் இறுகி நின்றுவிட்டது. வாரண்டி முடிய இன்னும் ஐந்து மாதம் இருந்தது. கம்பெனி எஞ்சின் தந்தால் வண்டி உண்டு. தராவிட்டால் வண்டியும் இல்லை, வேலையும் இல்லை. மாத இறுதிவரை காத்திருப்பதாகச் செவிலியர்கள் சொல்லியிருந்தார்கள்.

“ஆயில் எங்க மாத்துனீங்க மேடம்?” என்றார் மேலாளர் செல்வகுமார்.

“வீட்ல நானேதான் மாத்துறேன் சார். பில்லு எல்லாம் கவர்ல இருக்குது.”

உறைக்குள் நான்கு அட்டைகள் இருந்தன. எழுத்து மங்கிவிடக் கூடாதென்று பில்களை அவள் லேமினேட் செய்யக் கொடுத்திருந்தாள். சூடு பட்டால் கறுக்கும் பில் தாள் என்பதால் அவை முழுவதும் கறுத்திருந்தன. கடைக்காரர் ஒட்டிக் கொடுத்த உறையை அவள் இன்றுவரை பிரிக்கவில்லை.

செல்வகுமார் ஓர் அட்டையை வெளிச்சத்தில் பிடித்தார். “எக்ஸ்ரேல கூட கொஞ்சம் வெள்ளை தெரியும் மேடம்.”

“ஆயில் கடையில கேட்டு வேற பில்லு வாங்கியாறேன் சார்.”

“வாங்கியாங்க. ஆனா இப்ப பிரச்சினை பில்லு இல்ல. அடியில ஒரு வால்வு போட்டிருக்கீங்களே, அது.”

பழைய ஆயிலை இறக்கும் போல்ட்டுக்குப் பதிலாக அந்த வால்வை அவளே பொருத்தியிருந்தாள். வண்டி நிறுத்தும் தரையின் டைல்ஸில் ஒரு சொட்டு விழுந்தாலும் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்பது வீட்டுக்காரர் கோதண்டபாணியின் நிபந்தனை. போல்ட்டைக் கழற்றினால் சூடான ஆயில் கையிலும் தரையிலும் வழியும். வால்விலோ ஒரு குழாயைச் செருகிப் பிடியைத் திருப்பினால் போதும். ஆயில் நேராகக் கேனுக்குள் இறங்கும். இரண்டு ஆண்டுகளில் ஒரு சொட்டும் விழவில்லை.

“அது ஒழுகித்தான் எஞ்சின் ஜாம் ஆயிருக்குது.”

“ஆயில் அளவு பாக்குற டிப்ஸ்டிக்ல ஃபுல்லா காட்டுதே சார்.”

“வண்டி நின்ன அப்புறம் நீங்க ஊத்தியிருக்கலாம்ல? ரிப்போர்ட்ல அப்படித்தான் எழுதப்போறேன்.”

கறையே படாத தரையை எதற்கும் சாட்சியாகக் காட்ட முடியாது. கண்ணாடிக்கு அப்பால் ஹஸீனாவின் கார் லிஃப்டில் உயர்ந்துகொண்டிருந்தது. மெக்கானிக் குமரேசன் தண்ணீர்க் குழாயை இழுத்துவந்தார். அதைக் கண்டதும் அவள் எழுந்து ஓடினாள்.

“அண்ணா, தண்ணி அடிக்காதீங்க.”

“கழுவாம கைய வெச்சா சார் திட்டுவாரும்மா. ஜல்தி நகருங்க, நனைஞ்சிடுவீங்க.”

“நனையறேன்.” அவள் காரின் அடியில் போய் நின்றுகொண்டாள்.

பின்னாலேயே செல்வகுமார் வந்தார். “இன்னா பேஜாரு இது? வெளிய வாங்க மேடம்.”

“வால்வைப் பாருங்க சார். அது மேல தூசி இருக்குது.” அவள் அதைத் தொட்டுக் காட்டினாள்.

ஒவ்வொரு முறையும் ஆயில் மாற்றியபின் அடிப்பக்கத்தைத் துணியால் துடைப்பது அவள் வழக்கம். கடைசியாக மாற்றிய மார்ச்சில் மட்டும், நோன்புக் களைப்பில், துடைக்காமல் விட்டிருந்தாள்.

குமரேசன் குழாயைக் கீழே போட்டுவிட்டு வால்வின் அடியில் விரலை வைத்தார். “சார், கேப்பை மாவாட்டம் காஞ்சிக்கினு இருக்குது. ஒழுகியிருந்தா சேறாயிருக்கும். துடைச்சிருந்தா தூசியே இருக்காது.”

செல்வகுமாரும் விரலை வைத்துப் பார்த்தார். பின்பு கைப்பேசியில் ஆறு படங்கள் எடுத்தார்.

எஞ்சினைப் பிரித்தபோது மணி இரண்டு. ஆயில் பம்பின் சக்கரத்தில் மூன்று பற்கள் முறிந்திருந்தன. அடியில் ஆயில் இருந்தும் அது எஞ்சினுக்குள் ஏறவில்லை. அறிக்கை கம்பெனியின் சென்னை அலுவலகத்துக்குப் போயிற்று. காரின் அருகே உட்கார்ந்துவிட்ட ஹஸீனா மதிய உணவுக்கும் எழவில்லை. எழுந்தால் இடைவெளியில் யாராவது எதையாவது கழுவிவிடுவார்கள் என்று தோன்றியது.

நான்கு ஐம்பதுக்குச் செல்வகுமார் ஒரு தாளில் கையெழுத்திட்டு முத்திரை வைத்தார்.

“புது எஞ்சின் கம்பெனி செலவு. பத்து நாள்ல வண்டிய எடுத்துக்குங்க. ஒரே கண்டிஷன், வால்வை எடுத்துட்டு பழைய போல்ட்டே போட்டுடுவோம்.”

“அப்ப ஆயில் எப்படி சார் மாத்துறது? தரையில ஒரு சொட்டு விழுந்தாலும் வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்வாரே.”

“இங்க வாங்க. இல்லைன்னா வீட்டுக்காரர் ஊர்ல இல்லாத நாளாப் பாத்து மாத்துங்க.”

ஹஸீனா கையை நீட்டினாள். விரலில் வால்வின் தூசி இன்னும் இருந்தது. செல்வகுமார் தாளின் மறுமுனையைப் பிடித்து, கறை படாதவாறு, அதை அவளிடம் கொடுத்தார்.