நோ என்ட்ரியில் தள்ளிய ஆட்டோ

பெங்களூரில் போர்டைப் பார்த்து ஆட்டோ ஓட்டுகிற ஒரே ஆள் அப்பாதுரை. அந்த ஒரே ஆள் தனக்கு அப்பாவாக வாய்த்தது தாரணியின் தலையெழுத்து.

நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். கன்னடமும் இங்கிலீஷும் சிக்னலில் நிற்கும்போது போர்டுகளை எழுத்துக்கூட்டிப் படித்துக் கற்றுக்கொண்டவை. அதனாலோ என்னவோ, தகரத்தில் எழுதிக் கம்பத்தில் மாட்டிவிட்டால் போதும், அவருக்கு அது சட்டம்.

அன்று பத்தரைக்கு ரிச்சர்ட்ஸ் டவுனில் தாரணிக்கு இன்டர்வியூ. அந்த வீட்டின் முதல் டிகிரி அவளுடையது. அதைத் தூக்கிக்கொண்டு பதினோரு மாசம் அலைந்ததில் நேரில் வரச்சொன்ன முதல் கம்பெனி இதுதான். ஒரு நிமிஷம் பிந்தினாலும் பெயரை அடித்துவிடுவோம் என்று மெயிலிலேயே மிரட்டியிருந்தார்கள். ஆஸ்டின் டவுனிலிருந்து ஒன்பதரைக்கே கிளம்பியாயிற்று. பத்து பத்துக்கு ஒரு நாற்சந்தியில் நின்றார்கள். அதே நாற்சந்தியில், மூன்றாவது தடவையாக.

கம்பத்தில் நாலு போர்டு. இடது பக்கம் திரும்பக் கூடாது. வலது பக்கம் நோ என்ட்ரி. நேரே, வேலை நடக்கிறது, பொறுத்துக்கொள்ளவும்; அந்த போர்டுக்குப் பின்னால் ஆளுயரப் பள்ளம். அடியில் மாற்றுப்பாதை என்று ஒரு மஞ்சள் அம்பு. அதை நம்பித்தான் இரண்டு சுற்றும் சுற்றி அதன் காலடிக்கே வந்திருந்தார்கள்.

"வலதுல வுடுப்பா. நூறடி போனா மெயின் ரோடு. அங்கேர்ந்து பத்து நிமிஷம்."

"நோ என்ட்ரி போட்டிருக்காங்கம்மா."

"தண்ணி லாரியே போவுது!"

"அவன் போவான். அவனுக்குக் கண்ணு தெரியல போல."

"அப்ப இந்தப் போர்டுபடி நாம இன்னா, பறக்கணுமா? எந்த முட்டாள்பா மாட்டினான் இத?"

"படிச்சவனாத்தான் இருப்பான். உன்ன மாதிரி டிகிரி."

தாரணிக்கு வந்த கோபத்தில் போர்டைப் பிடுங்கி அவர் தலையிலேயே போட்டிருப்பாள். போனில் வேறு ஆட்டோ தேடினாள். திரையில் சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது, வண்டி வரவில்லை. போனைத் தூக்கி சீட்டில் போட்டாள்.

அப்பாதுரை கண்ணாடியில் மகளைப் பார்த்தார். இன்ஜினை அணைத்தார்.

"எறங்கு. பின்னாடி தள்ளு."

"இன்னாது?"

"ஓட்டினாத்தானே தப்பு? பைக்குக்காரன்லாம் ஒன்வேல தள்ளிக்கினு போறான், போலீஸ் கேக்கறானா?"

"அது பைக்கு! இது ஆட்டோ!"

"தள்ளும்போது எல்லாம் ஒண்ணுதான். தள்ளும்மா!"

இஸ்திரி போட்ட சுடிதாரோடு தள்ளினாள். அவர் வெளியே நடந்தபடி ஹேண்டிலைப் பிடித்திருந்தார். எதிரே வந்த வண்டியெல்லாம் ஹாரன் அடித்தது. பாதி வழியில் ஒரு டிராஃபிக் கான்ஸ்டபிள் மறித்தார்.

"ஏனப்பா, கேஸ் காலியா?"

"இல்ல சார். கேஸ் ஃபுல்லா இருக்கு. நோ என்ட்ரி, அதான் தள்றோம். புள்ளைக்கு இன்டர்வியூ."

கான்ஸ்டபிள் போர்டைப் பார்த்தார். ஆட்டோவைப் பார்த்தார். வேர்த்து வழியும் தாரணியைப் பார்த்தார். இருபது வருஷ டூட்டியில் இப்படி ஒரு குற்றவாளியை அவர் பார்த்ததில்லை போலும். நடுரோட்டுக்குப் போய் இரண்டு கையையும் விரித்து எதிரே வந்த வண்டிகளை நிறுத்தினார். "பன்னி, பன்னி, பேக!" என்று கன்னடத்தில், சீக்கிரம் வரச்சொல்லி அவளை அவசரப்படுத்தினார்.

மெயின் ரோட்டில் அப்பாதுரை ஓட்டிய ஓட்டம் அவர் வாழ்க்கையிலேயே காணாதது. எல்லாச் சிக்னலிலும் நின்றார், அது வேறு விஷயம்.

கம்பெனி வாசலில் பத்து இருபத்தெட்டு. கேட்டில் பெரிய போர்டு. விசிட்டர்கள் மூன்றாம் எண் கேட் வழியாக வரவும். அம்பு காம்பவுண்டுச் சுவரைக் காட்டியது. தாரணி தன்னையறியாமல் நின்று அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அவர் உதடு அசைய எழுத்துக்கூட்ட ஆரம்பித்திருந்தார்.

"அத நான் படிச்சிக்கிறேன்," என்றார் கண்ணை எடுக்காமல். "நீ ஓடு."

அந்தக் கேட்டிலேயே உள்ளே ஓடினாள். பத்து இருபத்தொன்பதுக்கு ரிஜிஸ்டரில் அவள் போட்ட கையெழுத்தின் பக்கத்தில் ஆட்டோ தள்ளிய கட்டைவிரலின் கிரீஸ் அப்படியே பதிந்திருந்தது. வெளியே அப்பாதுரை, மூன்றாம் எண் கேட் எங்கே இருக்கிறது என்று வாட்ச்மேனிடம் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்.