மொத்தமாகக் கட்டிய சகலை

என் சகலை எது செய்தாலும் எனக்கு வயிறு எரியும். என் மனைவியின் தங்கையைக் கட்டியவர் என்பதைத் தவிர, அந்த மனுஷன் எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. அதுதான் இன்னும் எரிச்சல்.

அன்றைக்குச் சாப்பிட உட்கார்ந்ததுமே மனைவி ஆரம்பித்தாள்.

“தங்கச்சி போன் பண்ணினா. அவ வீட்டுக்காரர் ஹெல்த் இன்சூரன்ஸுக்கு வருஷத்துக்கும் சேர்த்து மொத்தமா கட்டிட்டாராம். தள்ளுபடி வேற கிடைச்சுதாம்.”

“கட்டட்டும். அதுக்கு நான் என்ன, மேளம் கொட்டணுமா?”

“நீங்க மாசாமாசம் கெடு முடியற அன்னிக்கு விழுந்தடிச்சு ஓடுறீங்களே, அதுக்குச் சொன்னேன்.”

பாதிச் சாப்பாட்டிலேயே கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டேன்.

நான் கேட், கிரில் செய்யும் பட்டறையில் வெல்டர். அடுத்தவன் மெஷினில் கூலி வேலை. சொந்தமாக ஒரு வெல்டிங் மெஷின் வாங்க, வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்துக்கொண்டிருந்தேன். இன்னும் கொஞ்சம்தான் பாக்கி. ஆனால் அவர் மொத்தமாகக் கட்டுவாராம், நான் மட்டும் தவணைக்காரனாம்! மெஷின் எங்கே ஓடிவிடப் போகிறது? மறுநாள் சாப்பாட்டு வேளையில் சேர்த்ததையெல்லாம் சட்டைப்பையில் திணித்துக்கொண்டு இன்சூரன்ஸ் ஆபீசுக்குக் கிளம்பிவிட்டேன்.

அங்கே மாடிப்படிக்குக் கீழே பெஞ்சில் சகலை உட்கார்ந்திருந்தார். அச்சகத்தில் சூப்பர்வைசர். வேலை நாளில், தேய்த்த சட்டையோடு இங்கே என்ன செய்கிறார்? அடுத்த வருஷத்துக்கும் சேர்த்துக் கட்ட வந்துவிட்டாரோ என்று எனக்குப் பகீரென்றது.

“என்ன சகலை, இந்தப் பக்கம்?”

அவர் திடுக்கிட்டு எழுந்தார். “வாட்ச்மேன் வேலை காலியா இருக்குன்னாங்க. கேட்டுட்டுப் போலாம்னு…”

“யாருக்கு?”

“எனக்குத்தான். பிரஸ்ஸை மூடிட்டாங்க, சகலை. வீட்டுல இன்னும் சொல்லல. கணக்கு முடிச்சுக் கொடுத்த பணம், கையில இருந்தா கரைஞ்சிடும். சின்னவளுக்கு அடிக்கடி மூச்சுத்திணறல் வருது, பாலிசி நடுவுல நின்னுடக் கூடாதுல்ல? அதான் மொத்தமா கட்டிட்டேன்.”

அவர் என் கரி படிந்த விரல்களைப் பார்த்தார்.

“உங்களைப் பார்த்தாத்தான் பொறாமையா இருக்கு சகலை. மாசாமாசம் கட்டுறீங்க. மாசாமாசம் வருதே.”

மாடியில் கவுன்ட்டரில் இருந்த பெண், “மாசத்துக்கா, வருஷத்துக்கா?” என்று கேட்டாள். பையில் இருந்த பணத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

“மாசத்துக்கே.”

வீட்டில் மனைவி ரசீதைப் பார்த்து உதட்டைச் சுழித்தாள். “இந்தத் தடவையும் ஒரு மாசம்தானா? தங்கச்சி வீட்டுக்காரர் மாதிரி உங்களால முடியாதுல்ல?”

ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும், இத்தனை நாள் எரிந்த வயிறு குளிர்ந்துவிடும். நாக்கு நுனிவரை வந்தது. இவளிடம் சொன்னால் அது தங்கை காதுக்குப் போக எவ்வளவு நேரம் ஆகும்? பல்லைக் கடித்துக்கொண்டேன்.

“முடியாதும்மா,” என்றேன். “அவரு பெரிய ஆளு.”