எந்தக் கதவு வழியாக

தங்கை ஆய்வகத்துக்குள் ஓடிவந்தபோது உதடு கிழிந்து, மேலெல்லாம் ரத்தம். "அக்கா, பின்னாலயே வரான்" என்றாள். அதற்குமேல் மூச்சு வரவில்லை.

இயற்பியல் டீச்சரான அக்கா எதையும் கேட்கவில்லை. மேஜையிலிருந்து தரைவரை தொங்கிய கறுப்புத் துணியைத் தூக்கி, அவளை அடியில் தள்ளினாள்.

மேஜைமேல் பூசணிக்காய் பருமனில் ஒரு கண்ணாடிக் குழாய். உள்ளே காற்றே கிடையாது. ஒரு முனையிலிருந்து பாயும் எலக்ட்ரான்கள் மறுமுனையில் பச்சை வளையங்களாக விழுந்துகொண்டிருந்தன. வளையம் தெரிவதற்காக ஜன்னலெல்லாம் கறுப்புத் தாள். வெறும் துகளாக இருந்தால் வளையம் விழாது, அலையாகவும் போவதால்தான் விழுகிறது என்று காலையில்தான் வகுப்பில் சொல்லியிருந்தாள். இரண்டு பிளவு வைத்து ஒவ்வொன்றாக அனுப்பினாலும், ஒவ்வொன்றும் இரண்டு வழியாகவும் போனதுபோல வரிவரியாகச் சேரும். எந்தப் பிளவு வழியாகப் போகிறது என்று வேவு பார்த்தால் வரிகள் காணாமல் போய்விடும். "ரொம்ப ரோஷம்தான் டீச்சர் அதுக்கு" என்றாள் கடைசி பெஞ்சுக்காரி. வகுப்பே சிரித்தது.

தங்கை புருஷன் கதவை உதைத்துத் திறந்தான். கையில் சுருட்டிய பெல்ட். பின்சுவரில் இரண்டு கதவுகள். ஒன்று முற்றத்துக்கு, ஒன்று மாடிப்படிக்கு. மாறி மாறிப் பார்த்தான்.

"எந்தக் கதவு வழியா போனா, டீச்சரக்கா?"

"ரெண்டு வழியாவும், மாப்பிள்ளை."

பெல்ட்டின் கொக்கி அக்காவின் வாயில் விழுந்தது. பல் ஒன்று நாக்கின்மேல் கழன்று உருண்டது. அவள் தலைமுடியைப் பிடித்து நெற்றியை மேஜை விளிம்பில் மோதினான்.

"நக்கலா? எந்தக் கதவு?"

அவள் ரத்தத்தை விழுங்கினாள். மேஜைத் துணி லேசாக அசைந்தது. அவன் கண் அங்கே போனது.

வேண்டாம் என்று சொன்னதைச் செய்யாமல் விட்ட ஆளில்லை அவன். 'கையத் தொடாதீங்க, வலிக்குது' என்று தங்கை கெஞ்சிய அன்றுதான் அந்தக் கையை முறித்தான்.

"குழாய மட்டும் ஒண்ணும் பண்ணிடாதீங்க மாப்பிள்ளை. வெடிச்சிடும்."

அவன் சிரித்தான். "வெடிக்கட்டும். உன் படிப்பும் சேர்ந்து வெடிக்கட்டும்."

இரும்பு ஸ்டூலைத் தூக்கினான். குழாய் ஓடும்போது கண்காப்புக் கண்ணாடி போடாமல் யாரும் பக்கத்தில் நிற்கக் கூடாது என்பது அந்த அறையின் சட்டம். அக்கா போட்டிருந்தாள். முகத்தை முழங்கைக்குள் புதைத்துக்கொண்டு குந்தினாள்.

குழாய் உள்வாங்கி, அதே வேகத்தில் வெளியே சிதறியது. பச்சை வெளிச்சம் செத்தது. பிறகு அவனுடைய அலறல் மட்டும்.

அவள் தடவிப்போய் மின்சாரத்தை நிறுத்தி விளக்கைப் போட்டாள். அவன் முகத்தைப் பொத்திக்கொண்டு தரையில் புரண்டான். விரலிடுக்கெல்லாம் ரத்தம், கண்ணாடித் தூள்.

தங்கை வெளியே ஊர்ந்து வந்தாள். "தெரிஞ்சேதான் சொன்னியாக்கா?"

"எச்சரிச்சேன்ல?" கைப்பையைத் தங்கையின் தோளில் மாட்டினாள். "இதுல என்ன இருக்கோ எடுத்துக்க. எங்க போறேன்னு சொல்லாத."

"எந்தக் கதவு..." என்று தரையிலிருந்து முனகினான் அவன்.

அக்கா ஆம்புலன்ஸுக்கு போன் போட்டபடி கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். முதுகுக்குப் பின்னால் ஒரு கதவு திறந்து மூடியது. எது என்று அவள் பார்க்கவில்லை.