மாமியார் எடைக்கு வைத்த சக்கரம்

பல் டாக்டர் தன் காரைத் தாழ்த்தியது அவர் மனைவிக்கும் பிடிக்கவில்லை, வீட்டு வாசலில் இருந்த சரிவுக்கும் பிடிக்கவில்லை. இரண்டே கதவுள்ள சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் அது. ஸ்பிரிங்குகளை மாற்றித் தரையோடு தரையாக இறக்கியிருந்தார். வேகத்தடை வந்தால் நண்டு மாதிரி குறுக்காக ஏறுவார். ஏறிய பிறகும் அடியில் எதையோ சுரண்டும் சத்தம் கேட்கும். வீட்டில் அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டார்கள். ஆனால் கார் இடப்பக்கம் இழுக்கத் தொடங்கியபோது அவராலேயே பொறுக்க முடியவில்லை. கை கொஞ்சம் அசந்தால் போதும், நடைபாதையில் போகிறவரிடம் வழி கேட்கக் கிளம்புவதுபோல் ஓரங்கட்டிவிடும்.

ஊரிலிருந்து வந்திருந்த மாமியாரைத் தோழி வீட்டில் விடக் கிளம்பிய காலையில், போகிற வழியில் சக்கரங்களை நேராக்கும் வீல் அலைன்மெண்ட் கடைக்குள் வண்டியைத் திருப்பினார். மாமியார் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "மூச்ச இழுத்துப் பிடிங்க, அசையாதீங்க" என்று ஊர் முழுக்க அதட்டிய குரல் இன்னும் அப்படியே இருந்தது.

"இங்கேயே உக்காந்திருக்கேன் மாப்ளே. இந்தப் பள்ளத்துலேர்ந்து எழுந்திருச்சா மறுபடி உக்கார தெம்பு இருக்காது" என்றார்.

கடைக்காரரை எல்லோரும் 'சாய்வு' என்றுதான் கூப்பிடுவார்கள். யார் வீட்டுக்குப் போனாலும் சுவரில் கோணலாகத் தொங்கும் படத்தைச் சரிசெய்துவிட்டுத்தான் உட்காருவாராம். அவர் குனிந்து, அது போதாமல் மண்டியிட்டு, அதுவும் போதாமல் படுத்துக் காரைப் பார்த்தார்.

"டயர் உள்பக்கம் மொட்டையாயிடுச்சு சார். வண்டிய இறக்கினீங்கல்ல, சக்கரமெல்லாம் தலைய உள்ள சாய்ச்சுக்கிச்சு. மூக்கும் ஒண்ணு கிழக்க பாக்குது, ஒண்ணு மேற்க பாக்குது."

"சரி பண்ணிடலாமா?"

"பண்ணலாம். ஆனா இவ்ளோ தாழ்வான வண்டில ஆள் உக்காந்தாலே கணக்கு மாறும். ஓட்டுறவங்க எடை உள்ள இருக்கணும். மணல் மூட்டை வச்சிருந்தேன், எலி கடிச்சுடுச்சு. நீங்களே உக்காருங்க."

மாமியாரைக் கைத்தாங்கலாக இறக்கி நாற்காலியில் அமர்த்தியபின் டாக்டர் உட்கார்ந்தார். சக்கரத்துக்கு மேலே இருந்த இடைவெளியைச் சாய்வு விரல் வைத்து அளந்துகொண்டார். வண்டியை ஏற்றும் லிஃப்ட் முனகியபடி எழுந்தது. ஆள் உயரம்கூட வரவில்லை, டாக்டரின் முகம் வெளுத்துவிட்டது.

"இறக்குங்க."

"என்ன சார் ஆச்சு?"

"எனக்கு உயரம்னா ஆகாது. ஏணில ரெண்டாவது படியே தாண்ட மாட்டேன்."

"அப்ப அதுக்குத்தான் காரையும் தரையில தேச்சு ஓட்டுறீங்களா மாப்ளே?" என்றார் மாமியார். கேலியாகக் கேட்கவில்லை, நோயாளியிடம் விவரம் கேட்பதுபோல்தான் கேட்டார். லிஃப்ட் தரையைத் தொட்டதும் டாக்டர் இறங்கினார்.

"நான் ஏர்றேன். நீங்களும் நானும் ஒரே எடைதானே?"

எந்த மருமகனும் பதில் சொல்லித் தப்பிக்க முடியாத கேள்வி அது. டாக்டர் டயர் அடுக்கைக் கவனமாகப் பார்க்கத் தொடங்கினார். மாமியார் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்ததும் சாய்வு இடைவெளியில் விரல் வைத்தார். விரல் முன்னைப்போல் நுழையவில்லை. அவரும் டயர் அடுக்கைப் பார்த்தார்.

"கைப்பைய வெளிய வைங்க" என்றார் மாமியார்.

பையை எடுத்ததும் விரல் சரியாக நுழைந்தது. பைக்குள் என்ன இருந்தது என்று யாரும் கேட்கவில்லை.

லிஃப்ட் மேலே போயிற்று. உயரம் மாமியாருக்கு மிகவும் பிடித்துப்போனது. கண்ணாடியைத் திருப்பினார், ஹாரனை அமுக்கிப் பார்த்தார், மதில் சுவருக்கு அப்பால் துணி காயப்போட்ட பெண்ணுக்குக் கையசைத்தார், ஸ்டியரிங்கை அப்படியும் இப்படியும் ஆட்டினார். சக்கரங்களின் கோணத்தைக் காட்டும் கம்ப்யூட்டர் திரையில் எண்கள் சிவப்பும் பச்சையுமாகத் துள்ளின. கீழே ஸ்பேனரோடு நின்ற சாய்வு, அழாத குறையாக டாக்டரைப் பார்த்தார்.

டாக்டர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அத்தை, மூச்ச இழுத்துப் பிடிங்க. அசையாதீங்க."

மாமியார் சிலையானார். எண்கள் நின்றன. சாய்வு மின்னல் வேகத்தில் நட்டுகளைத் தளர்த்தினார், தண்டுகளைத் திருகினார், இறுக்கினார். ஒவ்வொரு எண்ணாகப் பச்சையாயிற்று. டாக்டர் அந்தப் பச்சையிலேயே லயித்துப்போய்விட்டார். நிமிர்ந்து பார்த்தபோது மேலே மாமியாரின் முகம் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது.

"ஐயோ, இப்ப விடலாம் அத்தை."

"விடச் சொல்றது ரொம்ப முக்கியம் மாப்ளே. நான் ஒருத்தரையும் மறந்ததில்ல" என்றார், மூச்சு வந்ததும்.

வண்டியை இறக்கியதும் மாமியார் பக்கத்து இருக்கைக்கு மாறினார், சோதித்துப் பார்க்க டாக்டர் ஓட்டினார். கடை வாசலைத் தாண்டுவதற்குள் கார் வலப்பக்கம் வளைந்து, டயர் அடுக்கை நோக்கி நேராகப் போயிற்று. பிரேக் போட்டு நிறுத்தினார்.

"இப்ப இந்தப் பக்கம் இழுக்குதே."

சாய்வு ஜன்னலில் குனிந்தார். "ஸ்டியரிங்க விட்டுட்டு ஓட்டுங்க."

விட்டார். கார் நூல் பிடித்தாற்போல் போயிற்று. கை வைத்தார், மறுபடி வலப்பக்கம் வளைந்தது. இத்தனை மாதமாக எதிர்ப்பக்கம் இழுத்துப் பிடித்த கை, தானாகவே இழுத்துக்கொண்டிருந்தது.

"வண்டி சரியாயிடுச்சு சார். உங்கள சரி பண்ண எங்கிட்ட மெஷின் இல்ல."

மாமியார் கைப்பையை மடியில் வைத்தபடி யோசித்தார். பிறகு கதவைத் திறந்து, யார் உதவியும் இல்லாமல் எழுந்து, சுற்றி வந்து நின்றார்.

"நகருங்க மாப்ளே. இது என் எடைக்கு வச்சது."

கிளினிக் வாசலில் மருமகனை இறக்கிவிட்டு, மறக்காமல் லைசன்ஸையும் எடுத்துக் காட்டிவிட்டு, அவர் கிளம்பினார். மாலையில் மனைவி ஃபோன் செய்தாள்.

"கார் இப்ப நேரா போகுதா?"

"போகுது."

"எப்ப வீட்டுக்கு வரும்?"

"அத உங்கம்மாகிட்டதான் கேக்கணும்" என்றார் டாக்டர், ஆட்டோவைக் கைதட்டி நிறுத்தியபடி.