இல்லாத சாக்கெட்

நாலாயிரத்து முந்நூற்று ஐம்பது. 'ஊஞ்சல்' என்று வேலையிடத்தில் எல்லோரும் கூப்பிடுகிற மனிதர் தன் மச்சினனுக்குத் தர வேண்டிய பாக்கி அது. வீடு மாறியபோது அட்வான்ஸுக்கு வாங்கியது. மச்சினன் ஒருநாளும் அதைக் கேட்டதில்லை, அதுதான் தொல்லை. கேட்டிருந்தால் நாலு சாக்குச் சொல்லி மனசை ஆற்றிக்கொள்ளலாம். அவன் வருவான், அக்கா கொடுத்த டீயைக் குடிப்பான், உலகத்துக் கதையெல்லாம் பேசுவான், அதை மட்டும் பேசமாட்டான். அவன் கிளம்பும்வரை ஊஞ்சலின் வலது கால் தானாக ஆடிக்கொண்டிருக்கும். உட்கார்ந்தால் ஆடுகிற அந்தக் காலுக்காகத்தான் அவருக்கு அந்தப் பெயர்.

வேலை, பழைய டிவியும் கம்ப்யூட்டரும் உடைக்கிற கிடங்கில். பலகையைக் கவிழ்த்து இடுக்கியில் பிடித்து, சூட்டுக் காற்று அடித்து, ஈயம் இளகியதும் ஒரு தட்டு. சாக்கெட், சில்லு எல்லாம் பொலபொலவென்று கீழே உதிரும். இத்தனை வருஷத்தில் அவர் கழற்றாத சாமான் இல்லை. மாட்டியது ஒன்றுகூட இல்லை.

ஒருநாள் மச்சினன் ஒரு வீடியோ கேம் பெட்டியோடு வந்தான். சின்ன வயதில் அக்காவும் தம்பியும் அடித்துக்கொண்டு விளையாடிய பழைய பெட்டி அவனிடம் இன்னும் இருந்தது. இப்போது அதே கம்பெனிப் பெட்டி இன்னொன்று மலிவாகக் கிடைத்திருக்கிறது. இரண்டையும் கேபிள் போட்டு இணைத்தால் ஆளுக்கொரு டிவியில் கார் பந்தயம் ஓட்டலாம். வாங்கிவந்த பிறகுதான் பின்பக்கத்தைப் பார்த்தான். கேபிள் செருகும் சாக்கெட்டே இல்லை. பிற்பாடு வந்த பெட்டிகளில் செலவைக் குறைக்க அதை விட்டுவிட்டார்களாம். வெளியே மொழுமொழுவென்று பிளாஸ்டிக். உள்ளே பலகையில் மட்டும் அதற்கான எட்டுத் துளைகள் வரிசையாகக் காலியாக இருந்தன.

"கடையில கேட்டேன் மாமா. நாலாயிரத்து ஐந்நூறு ஆகும்ங்கறான். நீங்க தினம் இதத்தானே பண்றீங்க. பண்ணிக் குடுங்க, நம்ம கணக்கு முடிஞ்சுது."

கணக்கு என்ற சொல் முதல்முறையாக அவன் வாயில் வந்தது. எனக்கு மாட்டத் தெரியாதப்பா என்று சொல்ல எழுந்த நாக்கு அப்படியே மடங்கிக்கொண்டது. பெட்டி பாழானால் அதன் விலையும் கடனோடு சேரும் என்பது நினைவிருந்தும், சரி என்று தலையாட்டினார்.

கிடங்குக் குவியலில் அதே ஜாதிப் பெட்டி ஒன்று செத்துக் கிடந்தது. மேஸ்திரி எடைக்குப் போட்டுக் கொடுத்தார். அதிலிருந்த சாக்கெட்டின் கால்களை யாரோ ஒட்ட வெட்டியிருந்தார்கள், பலகைக்கு எட்டாது. ஒவ்வொரு காலுக்கும் மெல்லிய கம்பி வைத்துத் துளையில் பற்றவைத்தார். பிளாஸ்டிக்கில் ஊசியைக் காய்ச்சிக் கோடு கிழித்து, அரத்தால் அணு அணுவாகச் சுரண்டினார். "என் தம்பிக்குப் பல்லு கட்டுறீங்களா?" என்று மனைவி சிரித்தாள். வெள்ளிக்கிழமை வேலை முடிந்தது. சோதித்துப் பார்க்கக் கேபிள் இல்லை. அதை நாளை மத்தியானம் கொண்டுவருவதாக மச்சினன் சொல்லியிருந்தான்.

மறுநாள் கிடங்கில் ஒரு பலகையைக் கவிழ்க்கும்போது கை அந்தரத்தில் நின்றது. முன்னே இடது பக்கம் இருப்பது கவிழ்த்தால் வலது பக்கம் போய்விடும். பழக்கதோஷம், பெட்டிப் பலகையையும் கவிழ்த்துப் போட்டுத்தான் துளைகளை எண்ணினார். சாக்கெட்டை எண்ணியதோ முகத்தைப் பார்த்து. முதல் காலின் கம்பி எட்டாவது துளையில் உட்கார்ந்திருக்கிறது. கேபிளைச் செருகினால் மின்சாரம் போகக்கூடாத இடத்தில் போகும். ஒரு பெட்டி இல்லை, இரண்டும் கருகும்.

வயிற்றைக் கலக்குகிறது என்று மேஸ்திரியிடம் சொன்னார். ஊஞ்சல் கயிறு அறுந்துடுச்சு என்று பின்னால் யாரோ சொன்னது காதில் விழுந்தது. செல்போன்களை வாசலில்தான் வாங்கி வைப்பார்கள். தன்னுடையதைத் திரும்ப வாங்கி மனைவிக்கு அடித்தார், எடுக்கவில்லை. மறுபடி அடித்தார். பஸ் சிக்னலுக்குச் சிக்னல் நின்றது. உட்கார இடம் இருந்தும் உட்காராமல் கம்பியை மாற்றி மாற்றிப் பிடித்தார். கடைசியில் ஒரு நிறுத்தம் முன்னாலேயே குதித்து ஓடினார்.

வீட்டு வாசலில் மச்சினனின் செருப்பு. உள்ளே வீட்டு டிவியும் அவன் கொண்டுவந்திருந்த டிவியும் அலறிக்கொண்டிருந்தன. மச்சினன் பெட்டிக்குப் பின்னால் குப்புறக் கிடந்தான், கையில் காய் நறுக்கும் கத்தி.

"என்ன மாமா ஓட்டை போட்டிருக்கீங்க? நுனியே நுழைய மாட்டேங்குது. இவ்வளவு நேரமா மல்லுக்கட்டறேன்."

"கத்தியக் கீழ வை மாப்ள."

சுவரில் இருந்த ப்ளக்குகளைப் பிடுங்கினார். பயந்து பயந்து சுரண்டியதில் ஓட்டை ஒரு நூல் குறைந்துபோயிருக்கிறது. அதுதான் காப்பாற்றியது. ஓட்டையைச் சரி செய்கிறேன் என்று உள்ளறைக்குத் தூக்கிப்போய்க் கம்பியையும் மாற்றிவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. பெட்டியைத் தூக்கவும் தூக்கினார். பிறகு கீழே வைத்தார்.

"ஓட்டை மட்டும் இல்ல மாப்ள. கம்பியெல்லாம் தலைகீழா வச்சிருக்கேன். செருகியிருந்தா ரெண்டு பொட்டியும் போயிருக்கும். எனக்குக் கழட்டத்தான் தெரியும், மாட்டத் தெரியாது."

"அத அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல?"

"நீ கணக்குன்ன. வாய் வரல."

மச்சினன் கத்தியைப் பார்த்துக்கொண்டே பேசினான். "அந்த வார்த்தைய எடுக்கவே எனக்கு ஒரு வருஷம் ஆச்சு மாமா. நேரா கேட்டா இந்த வீட்டுப் படி ஏற விடமாட்டீங்களோன்னு."

அக்காக்காரி அடுப்படியிலிருந்து வந்து டார்ச்சைத் தம்பி கையில் திணித்தாள். ரெண்டு பேரும் பேசினது போதும், வெளிச்சம் காட்டு என்றாள்.

எட்டுக் கம்பியும் நொடியில் கழன்றன, அது அவருக்குக் கைவந்த வேலை. மாட்டத்தான் நேரம் பிடித்தது. இந்தத் தடவை ஒவ்வொரு துளைக்கும் பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஓட்டையை அரத்தால் இழைத்தார். ப்ளக் 'டக்'கென்று உட்கார்ந்தது. இரண்டு டிவியிலும் இரண்டு கார் ஒன்றையொன்று துரத்தின. அக்கா தம்பியைத் தொடர்ந்து தோற்கடித்தாள்.

கிளம்பும்போது மச்சினன் பையிலிருந்து நூற்றைம்பது எடுத்து நீட்டினான். "கடைக்காரன் கேட்டது நாலாயிரத்து ஐந்நூறு. நம்ம பாக்கி போக மீதி உங்களுது."

"தலைகீழா வச்சதுக்குக் கழிச்சுக்கோ."

மச்சினன் கொஞ்சம் யோசித்து, பணத்தை மடித்துத் திரும்பப் பையில் போட்டான். "அப்போ முடிஞ்சுது."

"முடிஞ்சுது" என்று ஊஞ்சலும் உட்கார்ந்தார். கால் ஆடிக்கொண்டுதான் இருந்தது. அதற்கு யார் போய்ச் சொல்வது?