திருட்டுக் காரில் பக்கத்து சீட்டு

"இதுக்கு முன்னாடி வண்டி ஓட்டியிருக்கீங்களா?"

"நிறைய ஓட்டியிருக்கேன் மேடம்."

"என்ன வண்டி?"

"கிடைச்ச வண்டி எல்லாம். போலீஸ் ஜீப், ஐஸ்கிரீம் வண்டி, ஒரு தடவை ராணுவ டாங்கி கூட."

"டாங்கியா! யாரோடது?"

"யாரோடதோ. கதவைத் திறப்பேன், உள்ள இருக்கறவனை இழுத்து வெளியில போடுவேன், ஏறிப் போயிட்டே இருப்பேன்."

அவள் கை மெதுவாகக் கதவின் பிடியைத் தேடியது. அதைப் பார்த்துவிட்டு அவன் பதறிப்போனான்.

"ஐயோ, கேம்ல மேடம்! வீடியோ கேம்ல!"

அவள் டிரைவிங் ஸ்கூலில் கற்றுக்கொடுப்பவள். அவன் அன்றைக்குப் புதிதாகச் சேர்ந்த மாணவன். அந்தப் பேச்சு நடந்து பல வருடங்கள் ஓடிவிட்டன. மாணவன் கணவனாகி, காதோரம் நரைத்தும் விட்டான். ஆனாலும் அதை நினைத்தால் அவளுக்கு இன்றைக்கும் தனியாகச் சிரிப்பு வந்துவிடும்.

அன்றைக்கு அவன் ஓட்டிய அழகு இருக்கிறதே! வண்டியைக் கிளப்பி நாலடி போவதற்குள் நிறுத்திவிட்டு, கழுத்தைப் பின்னால் திருப்பி எதையோ தேடினான்.

"என்ன பார்க்கறீங்க?"

"வண்டியோட பின்பக்கம் தெரியணும் மேடம். கேம்ல நம்ம கண்ணு வண்டிக்குப் பின்னாடி, கொஞ்சம் மேல இருக்கும். மொத்த வண்டியும் தெரியும். இங்க உள்ள உட்கார்ந்துட்டா எதுவுமே தெரியலையே!"

"உலகத்துல எல்லாரும் உள்ள உட்கார்ந்துதான் சார் ஓட்டறாங்க."

"எப்படி மேடம் முடியுது?"

உண்மையாகவே கேட்டான். கேலி இல்லை, திமிர் இல்லை. பல் மருத்துவர்களுக்குப் பல் செட் செய்து கொடுக்கும் பட்டறையில் அவனுக்கு வேலை. மெழுகில் ஒரு கடைவாய்ப்பல்லை மயிரிழை பிசகாமல் செதுக்குகிறவனுக்கு, நாலு சக்கரத்தை ஒரு கோட்டுக்குள் வைத்திருக்கத் தெரியவில்லை. தேர்வில் இரண்டு முறை தோற்றான். மூன்றாம் முறை தேறியபோது சந்தோஷப்பட வேண்டியவள் முகம் வாடிப்போனாள். இனி வகுப்புக்கு வரமாட்டானே! அவன் மறுநாளும் வந்து நின்றான்.

"ரிவர்ஸ் இன்னும் சரியா வரலை மேடம்."

கல்யாணம் வரைக்கும் அவனுக்கு ரிவர்ஸ் வரவே இல்லை.

கல்யாணமான புதிதில் மாடியில் ஒற்றை அறை. ஒரு கட்டில், ஒரு டிவி, அவன் சீதனம்போலக் கொண்டுவந்த கேம் பெட்டி. அதில் இருபது வருடம் பின்னால் போன ஒரு கடற்கரை நகரம். ரோஸும் ஊதாவுமாக மின்னும் விளக்குகள், தோளில் பஞ்சு வைத்த கோட்டுக்காரர்கள், நீளமான கார்கள், காருக்குள் கேசட் காலத்து ரேடியோ. கதாநாயகன் ஊரறிந்த ரவுடி. கணவன் ஓட்டுவான், அவள் பக்கத்தில் உட்கார்ந்து ரேடியோவுக்குப் பொறுப்பு. "அந்தப் பாட்டு, அந்தப் பாட்டு, மாத்தாதீங்க!" என்பாள். கடலோரச் சாலையில் அந்த ஒரு பாட்டு வந்துவிட்டால் கொள்ளையும் வேண்டாம், கொலையும் வேண்டாம், பாட்டு முடியும்வரை சும்மா ஓட்டிக்கொண்டே போவார்கள்.

ஆனால் சிக்னலில் மட்டும் அவளால் விட்டுக்கொடுக்க முடியாது.

"சிவப்பு, சிவப்பு! நிறுத்துங்க."

"திருடிட்டு வந்த கார்ல சிக்னல் எதுக்கும்மா?"

"திருடினது உங்க பழக்கம். சிக்னல் என் பழக்கம்."

சொல்லும்போதே அவளுடைய வலது கால் தரையை அழுத்தும். டிரைவிங் ஸ்கூல் காரில் அவள் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. பகல் முழுக்க அதன்மேல் கால் வைத்துப் பழகியவள், வீட்டுப் பாயையும் விடுவதில்லை. பாயில் அந்த இடமே நைந்துபோயிற்று. "பிரேக்கம்மா" என்று பெயர் வைத்தான். அவள் பதிலுக்கு "பல்செட்டு" என்று வைத்தாள்.

இன்னொன்றும் நடக்கும். நிஜத்தில் அவனை "வாங்க, போங்க" என்றுதான் கூப்பிடுவாள். போலீஸ் துரத்த ஆரம்பித்தால் போதும், மரியாதை பறந்துவிடும். "ஓட்டுடா! பின்னாடி வர்றான்டா! சந்துல விடுடா!" பிறகு நாக்கைக் கடித்துக்கொள்வாள். அவன் கேம் பெட்டியை அணைத்துவிட்டு, "இன்னொரு தடவை சொல்லேன்" என்பான். மாட்டாள். போலீஸ் வந்தால்தான் வரும் அந்த "டா".

எல்லாம் ஒரு வருடம். ஒரு மழைநாளில் கல்யாண வீட்டிலிருந்து திரும்பும்போது அவன்தான் ஓட்டினான். வளைவில் சக்கரம் வழுக்கி, வண்டி ஓரத்துச் சுவரில் போய் மோதியது. அவனுக்கு ஒரு கீறல் இல்லை. அவளுக்கு மணிக்கட்டு எலும்பு விரிசல் விட்டுவிட்டது. ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டு, வெளுத்துப்போன முகத்தோடு அவன் சொன்னான்:

"இனிமே நான் ஸ்டியரிங்கைத் தொடமாட்டேன்."

மருந்து மயக்கத்தில் இருந்தவள், "சரி" என்றாள்.

அந்தச் "சரி" ஒரு வாரத்தில் தானாக உதிர்ந்துவிடும் என்று நினைத்தாள். அது வீட்டில் ஒரு பீரோபோல உட்கார்ந்துவிட்டது. கேம் பெட்டி பரணுக்குப் போயிற்று. எங்கே போனாலும் அவள் ஓட்டினாள். பக்கத்தில் அவன் கைகளை மடியில் வைத்துக்கொண்டு சமர்த்தாக உட்கார்ந்திருந்தான். பகலெல்லாம் ஊரார் ஓட்ட, அவள் பிரேக்குக்கு மேல் காலைத் தூக்கிப் பிடித்துக் காத்திருக்க வேண்டும். மாலையில் வீட்டாருக்காக ஓட்ட வேண்டும். ஒரே ஒரு முறை அந்தப் பக்கத்து சீட்டில் காலை நீட்டி, கண்ணை மூடி, இவன் ஓட்டக் கொண்டுபோய்ச் சேர்க்க மாட்டானா என்று அவளுக்கு ஆசை. கேட்க வாயெடுத்த போதெல்லாம் அவன் எப்படியோ மோப்பம் பிடித்து, "ப்ரொஃபஷனல் நீ இருக்கும்போது நான் எதுக்கு?" என்று சிரித்து மழுப்பிவிடுவான். அந்தச் சிரிப்புக்குள் ஆஸ்பத்திரியில் பார்த்த அதே வெளுத்த முகம் இருக்கும். அதற்கு மேல் கேட்க அவளுக்கு மனம் வராது.

இப்போது அவளுடைய குதிகாலில் எலும்பு வளர்ந்துவிட்டது. வலது குதிகால்தான், வேறெது! வருகிற வியாழக்கிழமை அறுவை சிகிச்சை. அதற்குப் பிறகு ஒன்றரை மாதம் வண்டியைத் தொடக்கூடாது.

"கூட்டிட்டுப் போக வீட்ல யாராச்சும் இருக்காங்கல்ல?" என்று டாக்டர் கேட்டார்.

"அதெல்லாம் டிரைவர் ஏற்பாடு பண்ணிடறேன் டாக்டர்" என்று அவன் முந்திக்கொண்டான். அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவிவிட்டு நொண்டிக்கொண்டே வந்தால், கூடத்தில் அவன் தரையில் உட்கார்ந்து ஒயர்களைப் பிரித்துக்கொண்டிருந்தான்.

"என்னங்க இது, பரணைக் கவிழ்த்துட்டீங்களா?"

"பழசு இல்ல, புதுசு. அதே கேமைப் பளபளன்னு மாத்திப் போட்டிருக்காங்களாம். ஒன்றரை மாசம் காலை நீட்டி உட்கார்ந்திருக்கப்போறியே, போரடிக்கும்னு வாங்கிட்டு வந்தேன்." நிமிர்ந்து பார்க்காமல் சொன்னான். "வேணாம்னா திருப்பிக் கொடுத்துடறேன்."

அவள் சோபாவில் உட்கார்ந்தாள். அவன் ஒரு தலையணையை எடுத்து அவள் குதிகாலுக்கு அடியில் வைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்தான். அத்தனை வருடம் கழித்து அவன் ஒரு கேம் பெட்டியைத் தொடுகிறான்.

நகரம் திரையில் விரிந்தது.

"யாருங்க இவன்? முகத்துல இஸ்திரி போட்ட மாதிரி இருக்கான்!"

"நம்ம ரவுடிதான்."

"நம்மவன் முகம் கட்டங்கட்டமா, செங்கல் மாதிரி இருக்கும். அது ஒரு களை. இவனைப் பார்த்தா உங்க பட்டறை மெழுகுல பண்ணின மாதிரி இருக்கு."

"எங்க மெழுகைக் குறை சொல்லாத. நாங்க நல்லாப் பண்ணுவோம்."

அவன் ஒரு நீளமான சிவப்புக் காரை மறித்து, ஓட்டுநரை வெளியே இழுத்துப் போட்டு ஏறினான். கடலோரச் சாலைக்கு வந்ததும் அவன் கை நின்றுவிட்டது.

"மூட்டத்தைக் காணோம் பாரேன்."

ஆமாம். பழைய ஆட்டத்தில் எப்போதும் தூரத்தில் ஒரு மூட்டம் இருக்கும். சாலை அதற்குள் போய் மறையும். நகரம் முடிவே இல்லாமல் கிடக்கிறது என்று தோன்றும். இப்போது துடைத்துவிட்டார்கள். இந்தக் கோடியில் நின்றால் அந்தக் கோடி தெரிந்தது. நடுவில் நாலு தெரு, ஒரு பாலம், அவ்வளவுதான்.

"இத்தனூண்டா? இதுக்குள்ளயா நாம அவ்வளவு தூரம் சுத்தினோம்?" என்றாள்.

"அப்ப தெரியல. அதான் பெருசா இருந்துச்சு."

"சரி, என் பாட்டைப் போடுங்க."

அவன் ரேடியோவை மாற்றினான். ஒவ்வொரு ஸ்டேஷனாகச் சுற்றினான். மறுபடியும் முதலிலிருந்து வந்தான். அவளுடைய பாட்டு இல்லை. செல்போனில் தேடிப் படித்துவிட்டு, குற்றவாளி மாதிரி தலையைச் சொறிந்தான்.

"பாட்டோட உரிமை முடிஞ்சுபோச்சாம். எடுத்துட்டாங்களாம்."

"போனா போகுது" என்றாள். அப்படிப் போகவில்லை என்பது குரலில் தெரிந்தது.

அவன் ஒரு கணம் யோசித்தான். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு அந்தப் பாட்டைத் தானே ஆரம்பித்தான். வார்த்தை ஒன்றும் தெரியாது, சுருதி வேறு பக்கம், தாளம் வேறு பக்கம். "தம் தம் தர ரா..." என்று கடலோரமாகக் காரை விட்டுக்கொண்டு பாடினான். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்துக்கொண்டிருந்தபோது அவன் விரல் ஏதோ பட்டனில் பட்டு, திரை சட்டென்று மாறியது.

காரின் பின்பக்கம் மறைந்துபோனது. கண்ணாடிக்கு முன்னால் சாலை, கீழே ஸ்டியரிங், மேலே சின்னக் கண்ணாடியில் பின்னால் வரும் வண்டிகள். காருக்குள் உட்கார்ந்து பார்க்கிற காட்சி. புதிதாகச் சேர்த்திருக்கிறார்கள்போல.

அவன் பாட்டு நின்றது. பட்டனை மாற்றிவிடுவான் என்று அவள் காத்திருந்தாள். அவன் மாற்றவில்லை. முதுகை நிமிர்த்திக்கொண்டு அப்படியே ஓட்டினான்.

நிதானமாக ஓட்டினான். வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்தான். தெருமுனை வந்தபோது சோபாவில் உட்கார்ந்தபடியே கழுத்தை வலப்பக்கம் திருப்பினான், இடப்பக்கம் திருப்பினான், மறுபடி வலப்பக்கம். திரையில் அதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை. அவளுடைய மாணவர்கள் மட்டும்தான் அப்படித் திரும்புவார்கள். "ரெண்டு பக்கமும் பார்த்துட்டு, முதல்ல பார்த்த பக்கத்தை இன்னொரு தடவை பாருங்க" என்று தொண்டை வற்றச் சொல்லிக்கொடுக்கிறவள் அவள். ஒன்றையும் மறக்காமல் உடம்புக்குள் வைத்துக்கொண்டுதான் இத்தனை வருடம் மடியில் கைகட்டி உட்கார்ந்திருந்தானா?

பின்னால் சைரன் கேட்டது. கார்க்காரன் புகார் கொடுத்திருப்பான். சின்னக் கண்ணாடியில் நீலமும் சிவப்புமாக விளக்குகள் சுழன்றன.

"ஏங்க, போலீஸ்!"

"பார்த்தேன்."

எதிரே சிக்னல் சிவப்புக்கு மாறியது. அவன் மெதுவாக, ஒரு குலுங்கல் இல்லாமல், கோட்டுக்கு முன்னால் காரை நிறுத்தினான்.

"என்ன பண்றீங்க? பிடிச்சுடுவாங்க, போங்க!"

"சிவப்பு" என்றான்.

"திருட்டுக் கார்ல சிக்னல் எதுக்கு?"

"திருடினது என் பழக்கம்." திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னான். "இது உன் பழக்கம். ஒட்டிக்கிச்சு."

நாலு போலீஸ்காரர்கள் ஓடிவந்து, சிக்னலில் மரியாதையாக நின்றிருந்த ரவுடியைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். சோபாவில் இவன் வாய்விட்டுச் சிரித்தான்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் தன் வலது காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தலையணையின்மேல் அது தூங்குகிற குழந்தைபோலக் கிடந்தது. வளைவில் அழுத்தவில்லை, முனையில் அழுத்தவில்லை, சிவப்பைப் பார்த்தும் அழுத்தவில்லை. எத்தனையோ பேர் பக்கத்தில் உட்கார்ந்து, எவரையும் நம்பாத கால் அது. அது இவனை நம்பிவிட்டது, அவளைக் கேட்காமலே.

அப்போது டீப்பாயின்மேல் அவன் செல்போன் அடித்தது. அவன் எட்டிப் பார்த்தான்.

"வியாழக்கிழமைக்குச் சொல்லிவச்ச டிரைவர். உறுதி பண்ணக் கூப்பிடறார்னு நினைக்கறேன். நல்ல மனுஷன், ரொம்பப் பொறுமையா ஓட்டுவாராம்."

கையை நீட்டினான். அவள் அவனுக்கு முன்னால் போனை எடுத்துத் தன் மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டாள். அது அவள் உள்ளங்கைக்குக் கீழே அதிர்ந்துகொண்டே இருந்தது.

"என்னம்மா?"

அவன் முகத்தில் அந்தப் பழைய வெளுப்பு மெல்ல ஏறுவது தெரிந்தது. மழுப்பும் சிரிப்பு உதட்டோரம் தயாராவதும் தெரிந்தது. இன்றைக்கு அவள் அதற்காகக் காத்திருக்கவில்லை.

"அந்த ஆளை வேணாம்னு சொல்லிடு" என்றாள். போலீஸ் யாரும் துரத்தவில்லை, ஆனாலும் மரியாதை பறந்துவிட்டது. "வியாழக்கிழமை நீ ஓட்டு. நான் பக்கத்துல உட்கார்ந்து காலை நீட்டித் தூங்கணும். என்னை நீ வீட்டுக்குக் கூட்டிட்டு வாடா."